கர்த்தர் வரிசையில் நின்ற திங்கட்கிழமை

மேடையில் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பிரசங்கியார் அந்நிய பாஷைக்குத் தாவிவிட்டால், அவன் ஓரடி பின்னால் போய், மைக்கை இறக்கிப் பிடித்து, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். அந்நிய பாஷை என்பது பரிசுத்த ஆவி நிறைந்தவர்களின் நாவில் வரும் மொழி. பேசுகிறவருக்கே அதன் அர்த்தம் தெரியாது. அப்படியிருக்க, பக்கத்தில் நிற்கும் இங்கிலீஷ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை?

அந்தச் சனிக்கிழமை நான் அந்த ஓரடியை வைக்கவில்லை.

இடம் திண்டிவனம். ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. காலை பதினொன்றரை மணிக்கே தகரம் காய்ந்து, மின்விசிறிகள் அனலை இறைத்துக்கொண்டிருந்தன. பூவையும் நகையையும் விலக்கிய சபை என்பதால் பெண்கள் பக்கமிருந்து பவுடரும் தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை மட்டும் வந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த பிரசங்கியாரிடம் ஆங்கிலம் பாதி, ஆவேசம் பாதி. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம் என்று முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தோம்.

ஒரு வாக்கியத்தின் நடுவில் மனிதர் முன்னறிவிப்பே இல்லாமல், "ஷபரலா ரிக்கந்தா ஷியா…" என்று திரும்பிவிட்டார். என் வாய் நிற்கவில்லை. அடுத்த நொடி ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே கேட்டது.

"என் மகளே, பயப்படாதே!"

கொட்டகை கப்பென்று அடங்கியது. கீபோர்டு வாசித்தவர்கூடக் கையை எடுத்துவிட்டார்.

அதற்கு மேல் நான் என்ன சொன்னேன் என்பதற்கு வருமுன், அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகர், ‘உங்களுக்கு எதையுமே நேராகச் சொல்ல வராதா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். வராது, ஐயா.

வாடகை வாய்

விழுப்புரத்தில் முப்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். வெளியூர்ப் பிரசங்கியார் யார் வந்தாலும் ‘சீலா வாத்தியார்’ என்று என்னைத்தான் தேடி வருவார்கள். ஒரு சால்வை, ஒரு மதியச் சாப்பாடு, போக வர ஒரு கார். அதற்கு என் வாயை அரை நாள் விட்டுக்கொடுப்பேன்.

இந்த வேலையில் மூளைக்கு அவ்வளவாக இடமில்லை. அவர் கையைத் தூக்கினால் நானும் தூக்க வேண்டும். அவர் அழுதால் என் குரலும் கொஞ்சம் உடைய வேண்டும். அவர் ஊரில் நடந்த கதைகள் எங்கள் ஊரில் எடுபடாது. ஒருவர் பனிமலையில் சிக்கிய கதையைச் சொன்னார். நான் அவரைப் பெண்ணையாற்று வெள்ளத்தில் சிக்கவைத்துக் காப்பாற்றினேன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் எல்லோரும் உருகிவிட்டார்கள். பிரசங்கியாருக்கும் மிகவும் சந்தோஷம்.

பத்து வருடம் இப்படி ஓடியபின், பிரசங்கியார் எங்கே போகப்போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர் வாய் மூடும் முன்பே என் வாய் திறந்துவிடும். அந்தக் கொழுப்புதான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

ஓய்ந்ததா, ஓயவில்லையா

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேடையில் நடக்கும் இந்த அற்புதங்களில் எனக்கு இம்மியளவும் நம்பிக்கை கிடையாது.

நான் பழைய மிஷன் கோயில்காரன். கல் கட்டடம், பித்தளை மணி, அச்சடித்த ஜெபம். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், தொட்டால் சுகமாவது போன்ற வரங்கள் எல்லாம் அப்போஸ்தலர்கள் காலத்தோடு ஓய்ந்துவிட்டன என்பது எங்கள் ஆயரின் திடமான போதனை. வேதம் முழுசாக எழுதி முடிந்த பிறகு அவற்றுக்குத் தேவையில்லையாம். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. அற்புதத்தை எதிர்பார்க்காதவன் ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

என் அக்கா ரூத் திண்டிவனத்துக்குக் கல்யாணமாகிப் போய், மாமா இறந்தபின் தகரக் கொட்டகைச் சபையில் சேர்ந்தாள். அங்கே எந்த வரமும் ஓயவில்லை. ஒலிபெருக்கிகூட ஓயாது. அக்காவும் நானும் சந்திக்கும்போதெல்லாம் வேதத்தில் ஒரே வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் ‘ஓயாது’ என்பாள், நான் ‘ஓய்ந்தது’ என்பேன்.

"உங்க சாமி ரிட்டையர் ஆயிட்டாராடா? பென்ஷன் வாங்கிக்கினு சும்மா உக்காந்துனு இருக்காரா?" என்று கேட்பாள்.

ஆனால் அக்காவுக்கு ஒரு தீராத துக்கம் இருந்தது. பன்னிரண்டு வருடமாகியும் அவளுக்கு அந்நிய பாஷை வரவில்லை. அதற்கென்றே காத்திருப்புக் கூட்டம் என்று ஒன்று நடத்துவார்கள். ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று மூச்சு விடாமல் வேகமாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல நாக்கு இடறி, தானாக வேறு மொழிக்குப் போய்விடுமாம். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் இடறியது. என் அக்கா அந்தக் காலத்தில் நாற்று நடும்போது நடவுப்பாட்டுப் பாடி வளர்ந்தவள். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் ஸ்தோத்திரமாகவே வந்தது.

வரம் வராதவர்கள் அந்தச் சபையில் கொஞ்சம் பின்வரிசை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பாயை மட்டும் பின்னால் போடுவார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் முகம் சிறுத்துவிடும். நான் அதையும் கிண்டல் செய்தவன்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முன்பணமாகக் கொடுத்த சாட்சி

சம்பவத்துக்கு நான்கு மாதம் முன்பு அக்காவின் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அவள் மகள் பியூலாதான் எனக்கு போன் செய்தாள்.

"மாமா, மல்லாட்டை கணக்கா இருந்துச்சு, இப்ப நெல்லிக்கா அளவு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்டேங்குது. நீங்க வந்து சொல்லுங்க மாமா." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

போய்ச் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன். அக்கா அசையவில்லை. காரணம் விசித்திரமானது. அந்தச் சபையில், சுகம் கிடைத்தபிறகு சாட்சி சொல்வது சாதாரண விசுவாசம். கிடைக்கும் முன்பே ‘கிடைத்துவிட்டது’ என்று எழுந்து நின்று சொல்வதுதான் பெரிய விசுவாசம். சபையின் பாஸ்டர் கிதியோன் எண்ணெய் பூசி ஜெபித்த அடுத்த ஞாயிறே அக்கா எழுந்து, ‘கர்த்தர் என் கட்டியைக் கரைத்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுடைய பாயை முன்வரிசையில் போட்டார்கள்.

"சபை முன்னாடி சொல்லிட்டேண்டா. இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா, யாரு பொய்யாவாங்க? நானா, கர்த்தரா?" என்றாள்.

எங்கள் கட்சியின் போதனை முழுவதும் கையில் இருந்தும், என் அக்காவை ஒரு பஸ்ஸில் ஏற்ற அதற்குச் சக்தி இல்லை. பயத்தில் ராத்திரித் தூக்கமே போய்விட்டது.

அந்த அரை நிமிடம்

இப்போது மேடைக்கு வருகிறேன். ‘என் மகளே, பயப்படாதே’ என்றுவிட்டேன். அதுவரை அது வெறும் பழக்கதோஷம். எல்லாப் பிரசங்கியாரும் சொல்லும் வரி. உடனே ஓரடி பின்னால் போய், மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தலையைக் குனிந்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் முன்வரிசையில் அக்காவைப் பார்த்தேன். வெள்ளைப் புடவை முந்தானையை இடது பக்கம் இழுத்து மூடிக்கொண்டு, கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் என்னை வாழ்நாளில் பார்த்ததில்லை.

பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் முழங்கிக்கொண்டிருந்தார். அவர் "லம்பாரா ஷந்தி!" என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"இடது மார்பிலே கட்டியோடு இங்கே உட்கார்ந்திருக்கிற என் மகளே!"

"கரியா மஷலபா!"

"வருகிற திங்கட்கிழமை பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ!"

"ஷிரிபா, ஷிரிபா!"

"நான் உனக்கு முன்னே போய் வரிசையில் நிற்பேன்!"

ஏன் திங்கட்கிழமை என்று பிறகு பலர் வியந்து பேசினார்கள். எங்கள் பள்ளிக்கு அன்று உள்ளூர் விடுமுறை. அவ்வளவுதான்.

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். கொட்டகை முழுவதும் அழுதது. தமிழ் தெரியாத பிரசங்கியார் கண்ணைத் திறந்து, தன் பாஷைக்கு இவ்வளவு பலனா என்று தானே திகைத்துப் போனார். காரில் திரும்பும்போது, "அப்படி நான் என்ன சொன்னேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நல்ல விஷயந்தான் சொன்னீர்கள்" என்றேன்.

வாக்கு கொடுத்தவன் நிற்க வேண்டும்

கர்த்தர் பேரில் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை அங்கே வரிசையில் யாரும் நிற்காவிட்டால் என்ன ஆகும்? எனக்கு வேறு வழி தெரியவில்லை. விடியுமுன் விழுப்புரத்தில் முதல் பஸ் பிடித்து, ஐந்தரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். கர்த்தருக்கு ஏழாவது இடம்தான் கிடைத்தது.

ஏழு மணிக்கு அக்காவும் பியூலாவும் வந்தார்கள். அக்கா வரிசையை ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றாள்.

"நீ எப்பத்துலேந்து நிக்கிறே?"

"சும்மா… வழியில வந்தேன்க்கா. அஞ்சரை இருக்கும்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் விலகிக்கொள்ள, என் இடத்தில் நின்றுகொண்டாள்.

இல்லாததை வைத்திருந்த குற்றம்

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு பெரும் பேஜாரு.

எனக்குப் ‘பாஷையை வியாக்கியானிக்கிற வரம்’, அதாவது அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரம், இருப்பதாகச் செய்தி மரக்காணம் வரை போய்விட்டது. கரும்பு போடலாமா, நெல் போடலாமா என்று கேட்க ஒருவர் பஸ் ஏறி வந்தார். மகளுக்கு அரசாங்க வேலை எந்த வருடம் கிடைக்கும் என்று இன்னொருவர். மாப்பிள்ளையின் படத்தை போனில் காட்டி, "மேல கேட்டுச் சொல்லுங்க சார்" என்று ஒரு அம்மா. இல்லை, தெரியாது என்று நான் சொல்லச் சொல்ல, ‘என்ன தாழ்மை பாருங்க’ என்று என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

மிஷன் கோயிலில் என்னை விசாரிக்கக் கமிட்டி கூடியது. வரம் என்று ஒன்று இந்தக் காலத்தில் இல்லவே இல்லை என்று நம்புகிற ஏழு பேர், அதை நான் வைத்திருந்தது எப்படி என்று என்னைக் கேட்டார்கள். "உங்களுக்கு வரம் உண்டா, இல்லையா? எழுத்தில் கொடுங்கள்" என்றார் செயலாளர்.

‘இல்லை’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தக் காகிதம் சாயங்காலத்துக்குள் திண்டிவனம் போய்விடும். அக்காவுக்குப் புற்றுநோய் என்று உறுதியாகி, அப்போது இரண்டாவது கீமோ ஊசி முடிந்திருந்தது. மொத்தம் எட்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பொய்யன் என்று தெரிந்தால் மூன்றாவதற்கு அவள் போக மாட்டாள்.

"ஆறு மாதம் தவணை கொடுங்கள்" என்றேன். அதுவரை எனக்கு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து கிடையாது என்று தீர்ப்பானது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட, நான் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அக்காவின் பின்வரிசைப் பாய் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாஸ்டர் கிதியோன் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மனிதர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"சார், உங்க அக்காவைப் பாத்தா எனக்கே பயமா இருந்துச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லணும்னு நாலு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. எண்ணெய் பூசினது நானு. நானே எப்படிங்க சொல்றது? அன்னிக்கு நீங்க சொன்னப்போ, உள்ளுக்குள்ள ‘அப்பாடா’ன்னு இருந்துச்சுங்க."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே கரைந்தது. அக்காவைப் பஸ் ஏற்ற வேண்டும் என்று கொட்டகையில் பாதிப் பேர் நினைத்திருக்கிறார்கள். யாருக்கும் புரிந்த மொழியில் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

எத்தனை ஊசி என்று சொன்னாரா?

ஐந்தாவது ஊசியோடு அக்கா படுத்துவிட்டாள். தலையில் ஒரு முடி இல்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கஞ்சி வாசனையே ஆகவில்லை. பியூலா போனில் ‘மாமா, மாமா’ என்று அழுதாள். நான் ஓடினேன்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "போதுண்டா சீலா. போன்னாரு, போனேன். இத்தினி ஊசி போட்டுக்கோன்னா சொன்னாரு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பிரசங்கியாரும் இல்லை, மைக்கும் இல்லை.

"சொன்னாருக்கா. எட்டுன்னு சொன்னாரு. அவரு வேகமா பேசிட்டாரு, எனக்குத் தமிழ்ல சொல்ல நேரம் பத்தல."

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"எட்டுன்னா சொன்னாரு?"

"எட்டுதான்."

"வேற எதுனா வுட்டுட்டியா? நல்லா யோசிச்சு சொல்லு. அப்பறம் பாதி பாதியா சொல்லிக்கினு வராதே."

"நடுவுல ஒரு ஆபரேஷன் இருக்குன்னாரு" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தக் கஞ்சியை எடுத்துக்கினு வா" என்றாள். கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் நான் அழுதேன்.

எட்டும் முடிந்தது, ஆபரேஷனும் முடிந்தது. கமிட்டிக்கு ‘எனக்கு எந்த வரமும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குள் செயலாளர் மாறியிருந்தார். புதியவர் காகிதத்தைப் படித்துவிட்டு, "இதை எதுக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

அக்காவிடம் மட்டும் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் உடம்பு தேறத் தேற அது எனக்குக் கடினமாகிக்கொண்டே போனது.

காஸ்

போன மாசியில் அக்கா என்னைப் பார்க்க விழுப்புரம் வந்தாள். ஓமந்தூர்ப் பக்கம் வாங்கிய பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்து, தட்டில் கொண்டுவந்து வைத்தாள். தலையில் முடி ஒரு விரல் நீளம் சுருள் சுருளாக முளைத்திருந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்தவன், நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வாயு, காஸ்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா இருக்கும். ஏறி எறங்கினா வருது. அப்பறம் போயிடுது."

"டாக்டராண்ட போனியா?"

"காஸுக்கு எதுக்கு டாக்டர்?"

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்ணை மூடி, வலது கையை உயர்த்தினாள். மேடையில் நான் தூக்குவது போலவே, கொஞ்சம் சாய்வாக.

"ஷ… ஷபலா. லபக்கா. ரிக்கா ரிக்கா" என்றாள்.

பன்னிரண்டு வருடம் ஸ்தோத்திரத்திலிருந்து நகராத நாக்கு.

"நெஞ்சைப் புடிச்சிக்கினு காஸுன்னு பொய் சொல்ற என் மகனே! வர்ற திங்கக்கெழம முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ! நான் உனக்கு முன்னே போய் வரிசையில நிப்பேன்!"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, உனக்கு… அன்னிக்கே தெரியுமா?"

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"டேய், கர்த்தர் பேசிக்கினு இருக்கச்சொல்ல குறுக்கே பேசாதே."

மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் காலையில்கூட நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் இந்தத் தொடரை எழுத ஆளே இருந்திருக்காது, அது நெஞ்சடைப்புக்கு முன்னோட்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார். எதற்கோ பயந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சாவகாசமாக எட்டு மணிக்குப் போய் இறங்கினேன்.

சீட்டு கொடுக்கும் ஜன்னல் முன்னால் வரிசை மரத்தடி வரை நீண்டிருந்தது. கடைசியில் போய் நிற்கப் போனேன்.

"எங்கடா போறே?"

ஜன்னலிலிருந்து மூன்றாவதாக, வெள்ளைப் புடவையில், குட்டை முடியோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். திண்டிவனத்தில் முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். காலில் செருப்பைக் கழற்றி, அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஜல்தி வந்து நில்லு. அஞ்சு மணிலேந்து நிக்கிறேன், காலு வலிக்குது" என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டாள். நான் அவள் இடத்தில் நின்றேன்.